கண்ணாடியில் வரும் பேச்சு

இருபத்தாறு வயதில் வந்த காய்ச்சல் என் இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. பன்னிரண்டு வருடமாக என்னிடம் யாரும் பேசுவதில்லை, செல்போனில் தட்டிக் காட்டுகிறார்கள். பத்து நிமிடம் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்னவென்று கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்று தட்டி நீட்டுவார்கள். படித்துப் படித்து எனக்கு எரிச்சல் தலைக்கேறிக் கிடந்தது.

அன்னவாசல் கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பற்றவைப்பு வேலையெல்லாம் கைப்பழக்கம். திருச்சியில் வேலை பார்க்கும் தம்பி விக்ரமிடம், "பேசுறத எழுத்தாக்கிக் கண்ணு முன்னாடி காட்டுற கம்ப்யூட்டர் ஒண்ணு செய்வோம்டா, ஒடம்புலயே மாட்டிக்கிற மாதிரி" என்றேன். தாங்களே செய்து மாட்டிக்கொண்டவர்களின் படங்களைத் தேடி எடுத்து வந்தான்.

எல்லாவற்றையும் மூக்குக்கண்ணாடியிலேயே ஏற்றிய அமைப்பு ஒன்று. அதே எடைக்கு ஈயக்கம்பியைச் சுற்றி அரை நாள் போட்டுப் பார்த்தேன். மூக்கில் பள்ளம் விழுந்ததுதான் மிச்சம். இன்னொன்றில் கம்ப்யூட்டர் பலகையும் பேட்டரியும் இடுப்பு பெல்ட்டில், மைக்கும் நகமளவு திரையும் மட்டும் கண்ணாடியில். படத்திலிருந்த அத்தனை பேரும் பேண்ட் போட்ட ஆண்கள். சேலைக்கு ஏது பெல்ட்? சேலை கட்டுகிறவளும் கம்ப்யூட்டர் மாட்டுவாள் என்று அந்த மகாராசன்களுக்குத் தோன்றவே இல்லை.

விக்ரமுக்குப் பிடித்தது மூன்றாவது. மைக் ரவிக்கைக்குள், திரை கைக்கடிகாரத்தில். 'யாருக்கும் தெரியாதுக்கா' என்று தட்டிக் காட்டினான்.

"எதுக்குத் தெரியாம இருக்கணும்? நான் என்ன ஒட்டுக் கேக்கவா போறேன்?" என்றேன்.

கடிகாரத்தைக் குனிந்து பார்த்தால் பேசுகிறவர் முகம் தெரியாது, அதுவும் ஒரு காரணம். இடுப்பு அமைப்பையே எடுத்துக்கொண்டு, பாவாடை நாடாவில் கோக்கத் துணிப்பை தைத்தேன். பலகை சூடேறி இடுப்பைச் சுட்டது. உள்ளே தக்கை வைத்து மறுபடி தைத்தேன். ஐந்து மாதம் ஆனது. கடைக்கு வந்த ஒருவர் வாயசைத்ததும் கண்முன் வந்தது: 'டிஸ்பிளே போயிருச்சுக்கா.' அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டேன்.

பொன்னமராவதியில் நாத்தனார் பொற்கொடியின் மகளுக்குக் காதுகுத்து. மண்டபத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன்.

'என்ன அண்ணி, புதுக் கண்ணாடியா?' பொற்கொடி கேட்டது எழுத்தாய் வந்தது.

"நீங்க பேசுறதெல்லாம் இதுல வந்துரும்" என்றேன். எனக்கு அவ்வளவு பெருமை. திரையைக் காட்டி, இடுப்புப் பையைக் காட்டி, எல்லாவற்றையும் விளக்கினேன்.

பொற்கொடி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். அதற்குப் பிறகு, 'வெத்தலைய இங்கிட்டுத் தள்ளு' என்று ஒன்று வந்தது. 'தேங்கா பத்தாது' என்று ஒன்று. அப்புறம் திரையில் எதுவும் வரவில்லை. சமையல்கட்டுப் பக்கம் கைகாட்டிவிட்டு ஒருத்தி எழுந்தாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும். மண்டபத்தின் அந்தக் கோடித் தூண் பக்கம் சேர்ந்து நின்றதும் எல்லார் வாயும் அசையத் தொடங்கியது. அவ்வளவு தூரம் என் மைக்குக்கு எட்டாது.

பன்னிரண்டு வருடமாக என்னை நடுவில் வைத்துக்கொண்டு என் காதுக்கு வரக்கூடாததைத்தான் பேசினார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

சற்று நேரத்தில் பொற்கொடி வந்து பக்கத்தில் குனிந்தாள்.

'அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அதக் கொஞ்சம் கழட்டி வச்சிருங்களேன். எல்லாருக்கும் ஒரு மாதிரியா இருக்காம்.'

ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் வந்தது.

அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விடலாமா என்று இருந்தது. போடவேண்டிய பைகள் குவிந்து கிடந்தன. ஆளில்லாத பாயில் கொஞ்ச நேரம் தனியாக வெற்றிலை மடித்தேன். பிறகு கண்ணாடியைக் கழற்றி, ஒயரைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்தேன்.

ஒவ்வொருத்தியாக வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரோ எதையோ சொல்ல, ஒருத்தி என் தொடையில் தட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.