பாட்டுக்குள் வந்த பெயர்

பெஞ்சுகள் கிறீச்சிட்டு வட்டமாகத் திரும்பிக்கொண்டிருக்கின்றன, ஜன்னலுக்கு வெளியே பாளையங்கோட்டையின் முதல் மழை, நடுவே செண்பகா, முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டே இரண்டாமாண்டுப் பெண்களுக்கு வகுப்பெடுக்கிறவள், பாடம் நடத்துவதில்லை, பேசவைப்பாள், வட்டமா உக்காந்தா பாட்டு புரிஞ்சிருமாக்கும் என்று சிரித்துவிட்டுத்தான் அவளுடைய நெறியாளர் வாரம் ஒரு மணி நேரம் விட்டுக்கொடுத்திருந்தார், இன்றைய பாட்டில் மழைக்கு முன் வருவேன் என்று போனவன் மழை வந்தும் வரவில்லை, இவளிடமும் ஒருவன் அப்படித்தான் சொன்னான், ரயில் படியில் நின்று, மழைக்கு முன்ன வந்து உங்க வீட்டுல பேசிருதேன், நீ கலங்காத, டெல்லி போன புதிதில் தினமும் பேசினான், பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும், பிறகு பண்டிகைக்கு ஒரு வாழ்த்துப் படம், ஊருக்கெல்லாம் அனுப்பியதே இவளுக்கும், அவன் வந்தால் போதும், ஏன் பேசவில்லை என்றுகூடக் கேட்கமாட்டாள், அவ்வளவு வேண்டியிருந்தான் அவளுக்கு அவன். அகப்பாட்டில் யாருக்கும் பெயர் வரக்கூடாது, தலைவன், தலைவி, தோழி, அவ்வளவுதான், அதனால்தான் அது யார் துக்கத்துக்கும் பொருந்துகிறது என்று போன வாரம் இவளே வாய் கிழியச் சொன்னாள், அந்த விதி இவளுக்கும் வசதியாய்ப் போயிற்று, அவன் பெயரை யாரிடம் போய்ச் சொல்வாள், நூலகத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவன் வரிவரியாய் வாசிக்கிறான், இல்லை, வாசித்தான், இதோ அந்தக் காலி பெஞ்சில் நனைந்த சட்டையோடு வந்து உட்காருகிறான், தலையைத் துவட்டக்கூட ஒன்றுமில்லையே என்று இவள் மனம் பதறுகிறது, மேடம், தலைவன் வேணும்னே வராம இருக்கானா, இல்ல வர முடியலையா என்று யாரோ கேட்கிறாள், பெலிக்ஸ் அப்படிப்பட்டவன் இல்ல என்று செண்பகா சொல்லிவிடுகிறாள்.

சங்கப்பாட்டுக்குள் ஒரு பெலிக்ஸ், மேடம், அகத்துல பேர் வரக்கூடாதுன்னு நீங்கதான சொன்னிய என்று பக்கத்து பெஞ்சுக்காரி கேட்க வகுப்பே கொல்லென்று சிரித்தது, மானம் கப்பலேறிவிட்டது, கூடச் சிரித்துவிட்டால் தப்பித்துவிடலாம், முகம்தான் ஒத்துழைக்கவில்லை, சரி, நீங்க தோழியா இருந்தா இந்தத் தலைவிகிட்ட என்ன சொல்லுவீங்க என்று பேச்சை மாற்றப் பார்த்தாள், வந்துருவார்னு சொல்லுவேன் என்றாள் ஒருத்தி, அவன் கெடக்கான், விட்டுத் தொலைன்னு சொல்லுவேன் என்றாள் இன்னொருத்தி, அப்போது கதவோர பெஞ்சிலிருந்து பேச்சியம்மாள் எழுந்தாள், பேர்தான் பேச்சி, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும், வருஷம் முழுக்க ஒரு வார்த்தை பேசாதவள், செண்பகாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, நான் அவரப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன் மேடம், காலைல சாப்ட்டியான்னு அவகிட்ட கேப்பேன் என்றாள், சொல்லிவிட்டு உட்காரவில்லை, பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள்.

இல்லட்டி, நேத்து ராத்திரியும் சாப்பிடல என்றாள் செண்பகா.