ஆள் படம்

இரண்டு காடுகளுக்கு நடுவில் எங்கள் ஊர். விலங்குகள் கடந்து போக வயல்களுக்கு இடையே வேலியைப் பிடுங்கி ஒரு பாதை விட்டது ஊர்க்காரர்கள்தான். பாதை ஓரத்து வீடுகளில் இருட்டிய பிறகு பின்பக்க விளக்கு எரியக்கூடாது என்றும் பேசி முடிவானது. எல்லோரும் அணைத்தார்கள், எங்கள் வீட்டைத் தவிர.

வேலை தேடிப் போன அண்ணன் முதல் வருடம் போன் பேசினான். பிறகு நம்பர் மாறிவிட்டது. ஊரில் இருந்தவரை கடைசி பஸ்ஸில் இறங்கி, வயலின் குறுக்கே நடந்து, பின்கதவைத்தான் தட்டுவான். அதனால் அண்ணி அந்த பல்பை அணைப்பதில்லை. அவன் வரமாட்டான் என்பது என் கணக்கு. அவளிடம் சொன்னதில்லை.

மில்லில் நைட் ஷிஃப்ட்டை விட்டுவிட்டு நான் வீட்டில் கிடந்தேன். பாதையைக் கவனிக்க ஊரில் போட்ட குழு, அங்கே தானாகப் படமெடுக்கும் கேமராக்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை என் தலையில் கட்டியது. விலங்குப் படத்தை வைத்துக்கொள்ள வேண்டும், ஆள் படத்தை அழித்துவிட வேண்டும். யார் யாரோடு வயலுக்குப் போனார்கள் என்பது குழுவுக்குத் தேவையில்லை.

கோடையில் இந்தப் பக்கக் காட்டில் தண்ணீர் வற்றியது. அந்தப் பக்கம் போக மான்கள் எங்கள் வீடு வரை வந்து, வெளிச்சத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பின. குழுத் தலைவர் லாரிக்காரர் கூட்டத்தில், அதுங்க லைட்டைப் பார்த்து இவங்க வீட்டைக் கல்யாண வீடுன்னு நினைச்சு, அழைக்காம எப்படிப் போறதுன்னு கூச்சப்படுதுங்க என்றார். கூட்டம் சிரித்தது. அண்ணி சிரிக்கவில்லை.

திரும்பிப் போகும் தாயும் குட்டியும் இருந்த படத்தை அவளிடம் காட்டினேன். குட்டி ரொம்ப இளைத்திருக்கிறது என்றாள். அன்று சாயங்காலம் முக்காலி போட்டு ஏறி பல்பையே கழற்றினாள்.

"சுவிட்சை அணைச்சா போதுமே அண்ணி."

"என் கை சும்மா இருக்காது தம்பி."

அதற்குப் பிறகு மான்கள் கடந்தன. அந்தப் படங்களைப் பார்க்க அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாய், குட்டி, ஒரு பன்றி. அடுத்து ஓர் ஆளின் முதுகு. பழக்கத்தில் அழிக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நம்ம லாரிக்காரர் அண்ணி. செருப்பைக் கையில தூக்கிட்டு எங்கயோ போறார்."

"தெரியுது. இனிமே ஆள் படம் வந்தா எனக்குக் காட்டிட்டு அழி. வெளிச்சம் இல்லன்னு உங்கண்ணன் திரும்பிப் போயிட்டா?"

அவன் வரமாட்டான் என்பது இன்றும் என் கணக்குதான். ஆனால் ஆள் படம் வந்தால், அவளைக் கூப்பிடும் முன் நானும் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.