பதர் விழும் பக்கம்

தூற்றும் மிஷினுக்கு இரண்டு பக்கம். ஒரு பக்கம் சுத்தமான நெல் விழும், மறுபக்கம் பதரும் தூசியும் பறக்கும். நெல் விழும் பக்கத்தில் ஆண்கள் சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பதர் விழும் பக்கத்தில் பெண்கள் நிற்பார்கள். யார் எப்போது இப்படிப் பிரித்தார்கள் என்று கேட்டால், நன்னிலத்துக்குத் தெற்கே இருந்த அந்த நெல் கொள்முதல் நிலையத்தில் யாருக்கும் தெரியாது. மூட்டை தூக்குவது ஆம்பளை வேலை, கூட்டி அள்ளுவது பொம்பளை வேலை, அவ்வளவுதான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை யாரும் யோசித்ததில்லை.

மாசி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சௌந்தரநாயகி பழைய புடவைக் கிழிசலால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு பதரைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். இமை மயிரெல்லாம் தூசி. பக்கத்தில் மரியபுஷ்பம் கூடையை நீட்டினாள். மருத்துவக் கல்லூரி வேன் வந்து நின்றதை இருவரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். வேன் வந்துவிட்டது என்பதற்காக மிஷின் நிற்கப்போவதில்லை.

நெல் தூசி நெஞ்சை என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் கல்லூரியிலிருந்து வந்திருந்தார்கள். பேராசிரியர் டாக்டர் ரெங்கசாமி, அவரிடம் மேற்படிப்புப் படிக்கும் டாக்டர் ஜாஸ்லின், லேப் டெக்னீஷியன் சபரிநாதன். பாதிப்பு இருக்கிறது என்று இவர்கள் அறிக்கை கொடுத்தால் முகக்கவசம் வரும், மாதாமாதம் பரிசோதனை வரும், மாத்திரை வரும். மூட்டை தூக்குபவர்களின் மேஸ்திரி பக்கிரி ஓடிவந்து சபரிநாதனைப் பார்த்து, "வாங்க டாக்டர் சார்" என்று கும்பிட்டார். ஜாஸ்லினிடம் திரும்பி, "சிஸ்டர், அந்தப் பொட்டிய இப்படி வைங்க" என்றார். சபரிநாதனுக்குக் காது சிவந்துவிட்டது. ஜாஸ்லினுக்கு இது பழகிய கதைதான். பழகிவிட்டதால் எரிச்சல் குறைந்துவிடவில்லை.

எடை மேடைக்குப் பக்கத்தில், நல்ல நிழலில் ஊதும் கருவியை வைத்தார்கள். முதலில் ஆண்கள். மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை வாயில் வைத்து, மூச்சை நிறைய இழுத்து, ஒரே மூச்சாகக் கடைசிவரை ஊத வேண்டும். நெல்லோடு வந்து காத்துக்கிடந்த விவசாயிகளுக்கு நல்ல பொழுதுபோக்கு. "விடாத மாப்ள, இன்னும் இன்னும்" என்று சத்தம். ஊதி முடித்தவன் ஜல்லிக்கட்டில் ஜெயித்தவன் மாதிரி எழுந்து போனான்.

பிறகு பெண்களைக் கூப்பிட்டார்கள். வாய்த்துணியை அவிழ்த்துவிட்டு, அத்தனை பேருக்கு நடுவே வாயைப் பிளந்து உட்கார வேண்டும். "அடுப்பு ஊதுற மாதிரி ஊதும்மா" என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு. பக்கிரி கைகட்டிக்கொண்டு எதிரே நின்றார். சௌந்தரநாயகி பக்கிரியை ஒரு தரம் பார்த்துவிட்டு, குழாயில் மெல்ல ஊதி, பாதியில் நிறுத்தினாள்.

"பலமா ஊதணும்மா. நிறுத்தக் கூடாது" என்றார் சபரிநாதன்.

மறுபடியும் அதேதான். அவளுக்குப் பின்னால் வந்த மரியபுஷ்பமும் அப்படியே. ஒருத்திகூட முழுதாக ஊதவில்லை. கருவி எல்லாவற்றையும் செல்லாது என்று தள்ளிவிட்டது.

ரெங்கசாமி கடிகாரத்தைப் பார்த்தார். "முயற்சியே இல்ல. பொம்பளைங்க எல்லா ஊர்லயும் இப்படித்தான், வெக்கம். போதும், கட்டுங்க."

"சார், கொஞ்சம் மறைவா வச்சு இன்னொரு தடவை பார்க்கலாமே" என்றாள் ஜாஸ்லின்.

"கல்யாண மண்டபம் புடிச்சுக் குடுக்கட்டுமா?" என்றார் அவர். பக்கிரி சிரித்தார். சிரிக்க வேண்டிய கடமை அவருக்கு.

ஜாஸ்லின் கை கழுவப் பின்பக்கத்துக் குழாயடிக்குப் போனாள். அங்கிருந்து பார்த்தால் மிஷினின் பதர் பக்கம் தெரியும். சௌந்தரநாயகி இரைந்துகொண்டிருந்த மிஷினுக்குள் முகத்தை விட்டுவிடுவது போல நெருங்கிக் குனிந்து நின்றாள். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாளோ என்றுதான் ஜாஸ்லின் முதலில் நினைத்தாள். ஓடிப்போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது, இருமல். குடலைப் பிடுங்கும் இருமல். மிஷின் சத்தத்தில் ஒன்றுமே கேட்கவில்லை.

"அக்கா, இவ்வளவு இருமல வச்சுக்கிட்டு ஏன் அங்க சரியா ஊதல?"

சௌந்தரநாயகி அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "நல்லா ஊதுனா இருமல் வந்துரும். மேஸ்திரி எதுக்கால நிக்கிறாரு. போன வருசம் இருமுன பொம்பளைய, டிபி கிபி இருக்கும், நெல்லுல எச்சி படும்னு சொல்லி நிறுத்திட்டாங்க. அதான் இருமல் வந்தா மிஷினப் பாத்துத் திரும்பிக்குவோம்."

"எல்லாருமா?"

"பின்ன? இது இங்க எல்லாருக்கும் தெரியும். ஆம்பளைங்களத் தவிர."

ஜாஸ்லினுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. காலையிலிருந்து அத்தனை பேரையும் அருகில் உட்கார்ந்து பார்த்தவள் அவள்தான். அவளும் வெட்கம் என்றுதான் நினைத்தாள். "வேற இடத்துல, மேஸ்திரி இல்லாம வச்சா ஊதுவீங்களா?" என்று கேட்டாள்.

"அவருக்குத் தெரியாம இருக்குமா?"

"தெரியாது. நான் பொறுப்பு."

ஞாயிற்றுக்கிழமை நிலையத்துக்கு விடுமுறை. மரியபுஷ்பம் பங்குச் சாமியாரிடம் கேட்டு, மாதா கோயிலை ஒட்டி இருந்த மறைக்கல்வி வகுப்பு அறையின் சாவியை வாங்கிவைத்திருந்தாள். கருவியைச் சபரிநாதன் எடுத்துக் கொடுத்தார். "என் பேரு வராமப் பாத்துக்குங்க மேடம்" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும் பெண்கள் பின்வாசல் வழியாக வந்தார்கள்.

"நீங்க ஆர்.சி.யா டாக்டரம்மா?" என்று மரியபுஷ்பம் விசாரித்தாள்.

"இல்லீங்க, லுத்தரன்."

"பரவால்ல. இருமலுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

கதவைச் சாத்தினார்கள். "முதல்ல எல்லாரும் நல்லா இருமிக்குங்க. அப்புறம் ஊதலாம்" என்றாள் ஜாஸ்லின். யாரும் நம்பவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சௌந்தரநாயகிதான் ஆரம்பித்தாள். அடக்கி அடக்கிப் பழகிய இருமல் முதலில் சின்னதாக வந்து, பிறகு அணையுடைந்து கொட்டியது. அவளைத் தொட்டு மரியபுஷ்பம், அவளைத் தொட்டு அடுத்தவள். குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சுகளைப் பிடித்துக்கொண்டு அறை முழுவதும் இருமியது. இருமலுக்கு நடுவே ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பு இன்னும் இருமலைக் கிளப்பியது. சௌந்தரநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு போகமாச் சேத்து வச்சிருந்தது டாக்டரம்மா" என்றாள்.

பிறகு தண்ணீர் குடித்து, இளைப்பாறி, ஒவ்வொருத்தியாக ஊதினார்கள். இந்த முறை கருவி எதையும் தள்ளவில்லை. ஆண்களில் சிலருக்குத்தான் மூச்சு குறைவாக இருந்தது. இங்கே அநேகமாக எல்லாருக்கும் குறைவு. சௌந்தரநாயகிக்கு இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. அவளிடம் சொன்னபோது அவள் அழவில்லை, பெரிய மூச்சு விட்டாள். "என் வீட்டுக்காரரு நான் வேலைக்குச் சோம்பல்பட்டு நடிக்கிறேம்பாரு. இத அவருகிட்டக் காட்டணும்" என்றாள்.

திங்கட்கிழமை காலை ஜாஸ்லின் முடிவுகளை எடுத்துக்கொண்டு ரெங்கசாமியின் அறைக்குப் போனாள். அவர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்தார். ஆண்களில் சிலருக்குப் பாதிப்பு உண்டு, பெண் தொழிலாளர்களிடம் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்று அதில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.

அவர் தாள்களைப் புரட்டினார். "யாரைக் கேட்டு ஊதுற மிஷினை எடுத்துட்டுப் போன?"

"தப்புதான் சார். அதுக்கு என்ன நடவடிக்கைன்னாலும் எடுங்க. ஆனா ரிசல்ட்டைப் பாருங்க."

"என்னத்தப் பாக்கறது? பரிசோதனை நடக்கிற இடம் கொள்முதல் நிலையம்னுதான் அனுமதி வாங்கியிருக்கோம். நீ கோயில்ல வச்சு எடுத்துட்டு வந்திருக்க. அதோட, பொம்பளைங்கன்னா அடுப்புப் புகை இருக்கும். அதுல வந்ததா இருக்கும்."

"எல்லார் வீட்லயும் கேஸ் அடுப்பு சார். கேட்டுட்டேன்."

"கேட்டா அவங்க ஆயிரம் சொல்லுவாங்க."

அழுதுவிட்டால் அதையும் பொம்பளைக் கணக்கில் சேர்த்துவிடுவார் என்று ஜாஸ்லினுக்குத் தெரியும். நின்று நிதானித்துப் பேசினாள். "சரி சார், இதச் சேர்க்க வேணாம். ஆனா அன்னைக்கு அவங்ககிட்ட எடுத்ததுல ஒண்ணுகூடச் செல்லல. அப்ப 'தெரியல'ன்னு போடுங்க. 'இல்ல'ன்னு போடாதீங்க. ரெண்டும் ஒண்ணா சார்?"

"தெரியலன்னு எழுதினா நாம வேலையே பாக்கலன்னு அர்த்தம்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். குரலில் இப்போது ஒரு பாசம் வந்திருந்தது. கோபத்தைவிட ஜாஸ்லினுக்கு அந்தப் பாசத்தைத்தான் தாங்க முடியவில்லை. "நீ கெட்டிக்காரப் பொண்ணு. ஆனா உணர்ச்சிவசப்படுற. ஒரு பேஷன்ட் அழுதா நீயும் சேர்ந்து அழுதா, அது ரிசர்ச் இல்லம்மா."

"அவங்க அழல சார். இருமுனாங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். "ஒரு நிமிஷம். அங்கயே கேட்டுடுவோம்." யாரைக் கூப்பிடுகிறார் என்று ஜாஸ்லினுக்குப் புரிவதற்குள் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். "பக்கிரி, நான்தான். உங்க லேடீஸுக்கெல்லாம் இருமல் இருக்காமே, உண்மையா?"

"சார், பேர் சொல்லாதீங்க. சார்!" ஜாஸ்லின் மேஜையின் மேல் கையை ஊன்றினாள்.

அவர் அவளைக் கையமர்த்திவிட்டு, மேலே இருந்த தாளைப் பார்த்தார். "சௌந்தரநாயகின்னு ஒரு அம்மாவாம். நெறைய இருமுதாம். ம்... ம்... அப்படியா? சரி." போனை வைத்தார். "யாருக்கும் ஒண்ணும் இல்லையாம். அவரு தெனம் பாக்கறவரு."

அறிக்கை மாறவில்லை.

பங்குனி பிறப்பதற்குள் முகக்கவசங்கள் வந்துவிட்டன. அரசு காரியத்தில் இவ்வளவு வேகம் அபூர்வம் என்று எல்லாரும் மெச்சினார்கள். கொள்முதல் நிலையத்தில் பந்தல் போட்டு, மிஷினை நிறுத்தி, நாற்காலி போட்டிருந்தார்கள். ரெங்கசாமி பேசினார். பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். "நம்ம ஜாஸ்லின் டாக்டர் கையால குடுக்கட்டும். பெண்களுக்கு நாம முன்னுரிமை குடுக்கணும்" என்றார். கைதட்டினார்கள்.

மூட்டை தூக்குபவர்கள் வரிசையாக வந்தார்கள். ஜாஸ்லின் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெட்டியை வைத்தாள். "இங்க பாருங்க மேடம், கொஞ்சம் சிரிங்க" என்றான் படம் எடுத்தவன். வாங்கிய ஆண்கள் கவசத்தை மாட்டிப் பார்த்துவிட்டு, புழுங்குகிறது என்று கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டார்கள். அவர்கள்மேல் அவளுக்குக் கோபமில்லை. அவர்களுக்கும் நெஞ்சு இருக்கிறது, கவசம் வேண்டியதுதான். அவள் கண் பதர் பக்கத்தையே தேடிக்கொண்டிருந்தது. துடைப்பங்களோடு பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். சௌந்தரநாயகி அங்கே இல்லை.

படம் எடுத்து முடிந்ததும் மீந்திருந்த பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு ஜாஸ்லின் அந்தப் பக்கம் போனாள்.

"சௌந்தரம் அக்கா எங்க?"

மரியபுஷ்பம் பந்தலைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "கோயில்ல ஊதுன மறுநாள் திங்கக்கெழமையே நிறுத்திட்டாங்க. பெரிய டாக்டரே போன் பண்ணிச் சொன்னாராம், இந்தம்மாவுக்கு இருமல்னு."

"அவரு அப்படிச் சொல்லல... அவரு..." என்று தொடங்கினாள் ஜாஸ்லின். சொன்னதும் அதுதான், நடந்ததும் அதுதான். "நான் பொறுப்புன்னு சொன்னேனே" என்றாள்.

மரியபுஷ்பம் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

ஜாஸ்லின் பெட்டியை அவளிடம் நீட்டினாள். "இதையாவது வாங்கிக்குங்க. எல்லாருக்கும் பிரிச்சுக் குடுங்க."

மரியபுஷ்பம் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம் டாக்டரம்மா."

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் பேசிக்கிறேன்."

"நீங்க பேச வேணாம்." அதை அவள் கடுமையாகச் சொல்லவில்லை, கெஞ்சித்தான் சொன்னாள். "இத மாட்டுனா, இவளுக்கும் நெஞ்சு சரியில்லன்னு ஆயிடும். ஆம்பளைங்க மாட்டுனா அது வேற. எடுத்துட்டுப் போயிடுங்க. மேஸ்திரி பாக்குறாரு."

பந்தலிலிருந்து ரெங்கசாமி கூப்பிட்டார். வேன் புறப்படத் தயாராக நின்றது. பக்கிரி கையைக் காட்ட, மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. நெல் பக்கத்தில் ஆண்கள் சாக்கைப் பிடித்தார்கள், புதுக் கவசங்கள் அவர்கள் கழுத்தில் தொங்கின. இந்தப் பக்கம் தூசி கிளம்பியது. மரியபுஷ்பம் இடுப்பில் செருகியிருந்த புடவைக் கிழிசலை எடுத்து வாயைக் கட்டிக்கொண்டாள். துடைப்பத்தைக் கையில் எடுத்தவள், சட்டென்று மிஷினைப் பார்த்துத் திரும்பிக் குனிந்தாள். அவள் தோள்கள் குலுங்கின. பெட்டியோடு நின்ற ஜாஸ்லினுக்கு மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.