கடைமடைக்கு வராத வலி

ரெஜினாவின் ஆய்வகத்துக்குள் வாய்க்கால் ஓடியதற்கு வாசலில் இருந்த பலகைதான் காரணம். பலகைகள் எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று கல்லூரி சொன்னது. அவளும் 'வலி அயனி வாய்க்கால் ஆய்வகம்' என்று எழுதி மாட்டினாள். மறுநாள் காலையிலேயே வாய்க்கால் துறையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். வாய்க்கால் என்று எங்கே எழுதியிருந்தாலும் அது அவர்களுடையதாம்.

வந்தவர் பொறியாளர் கோதண்டபாணி. கையில் குடை. பின்னால் லஸ்கர் வீராசாமி. மதகைத் திறந்து மூடுகிறவருக்கு அந்தத் துறையில் லஸ்கர் என்று பெயர்.

"சார், இது கண்ணுக்கே தெரியாது" என்றாள் ரெஜினா. "நரம்புல இருக்கிற பொடி ஓட்டை. அது திறந்தா உப்பு உள்ளே போகும், வலிக்கும். மூடினா வலிக்காது. அவ்வளவுதான்."

"திறக்குது, மூடுது. அப்ப மதகுதானேம்மா?" என்றார் கோதண்டபாணி.

இத்தனை வருஷம் அவள் மாணவர்களுக்கு அப்படித்தான் பாடம் நடத்தியிருக்கிறாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள், வேறென்ன?

மத்தியானத்துக்குள் வெட்டி முடித்துவிட்டார்கள். ஜன்னலோரம் தொடங்கிய வாய்க்கால் அறையைக் கடந்து நடைபாதை வழியே போனது. உப்புத் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. கை கழுவும் தொட்டியில் ஒரு கொக்கு வந்து நின்றது. கழிப்பறையோடு முடிகிற நடைபாதை இப்போது எங்கேயும் முடியவில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துறைத்தலைவர் மட்டும் கரையில் பைக் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரெஜினாவுக்கு அதற்கெல்லாம் சண்டை போட நேரமில்லை. ஆய்வகத்தின் மூலையில், கட்டிலில், அவளுடைய அக்கா பிலோமினா படுத்திருந்தாள். வலது கன்னத்தில் வலி. மின்விசிறிக் காற்று பட்டால் போதும், துடித்துப்போவாள். சோறு மெல்ல முடியாது. முகம் கழுவ முடியாது. சிரிக்க முடியாது. அதுதான் பெரிய கொடுமை, அந்த வீட்டில் சிரிக்கத் தெரிந்தவளே அவள் ஒருத்திதான். அந்தக் கன்னத்துக்காகத்தான் ரெஜினா தலை நரைக்கிற வரைக்கும் இந்த ஓட்டையோடு மல்லுக்கட்டினாள். இப்போது மருந்துகூட வேண்டாம். சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்திலேயே மதகின் சக்கரம் இருந்தது.

"மூடுங்க" என்றாள்.

"மூட முடியாதும்மா" என்றார் கோதண்டபாணி. "கடைமடைக்கு இன்னும் போய்ச் சேரல."

"எது?"

"வலிதான். தலைமடையில உங்க அக்கா கன்னம் இருக்கு. வர்றதையெல்லாம் அதுவே குடிச்சிடுது. கடைசி ஆளுங்களுக்குச் சொட்டுக்கூடப் போகல."

ரெஜினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வலி போகலைன்னு எவன் சார் அழுதான்?"

"அழல. அதான் பிரச்சினை. வாங்க காட்டுறேன்."

கரையோடு நடந்தார்கள். வேதியியல் துறை வந்தது. தேர்வுக்கூடம் வந்தது. அப்புறம் சீமைக் கருவேலம் வந்தது. தண்ணீர் குறைந்து சேறாகி, சேறும் காய்ந்து வெடித்துக் கிடந்தது. அங்கே கலியமூர்த்தி என்கிற விவசாயி தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். சின்னப் பெண். பெயர் தர்ஷிகா. விரல்களில் கட்டு, முழங்காலில் கட்டு, உதட்டில் தையல்.

"எனக்கு வலிக்கவே வலிக்காதே!" என்றாள் தர்ஷிகா பெருமையாக.

"தோசைக்கல்லுல கைய வெச்சுக்கிட்டு நின்னு வேடிக்கை பாக்குதும்மா" என்றார் கலியமூர்த்தி. "வாசம் வந்துதான் நாங்க ஓடுறோம். கால் ஒடிஞ்சது தெரியாம பாண்டி ஆடுது. நாக்கக் கடிச்சுத் துப்புது. வலிச்சாத்தானே புள்ள பொழைக்கும்? வயலுக்குத் தண்ணி முறை வைக்கிற மாதிரி எங்களுக்கும் ஒரு முறை விடச் சொல்லுங்கம்மா."

இப்படிப் பிள்ளைகள் உண்டு என்று ரெஜினா கட்டுரைகளில் படித்திருக்கிறாள். அவளே எழுதியும் இருக்கிறாள். கட்டுரையில் இந்தக் கருகிய வாசம் வராது. அதற்காகவும் அவளுக்குக் கோதண்டபாணி மேல் எரிச்சல் வந்தது.

"நிறுத்துறதுக்கு எனக்கு அதிகாரமில்ல" என்றார் அவர். "திருப்பி விடலாம். அங்க அடைச்சா இங்க வரும்."

"அதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன சார்?"

"நீங்க மூடத்தானே சொன்னீங்க?"

ஆய்வகத்துக்குத் திரும்புகிற வழி பாதி தூரம்தான் இருந்தது. வீராசாமி சக்கரத்தைத் திருகினார். அக்காவின் முகம் மெதுவாக அவிழ்ந்தது. கன்னத்தைத் தொட்டாள். அறைந்துகூடப் பார்த்தாள். மின்விசிறியை முழு வேகத்தில் வைக்கச் சொன்னாள். சூடாகக் காபி கேட்டாள்.

"ரெஜி, இந்தக் கொக்கு உங்கிட்ட பிஎச்.டி. பண்ணுதா? அப்ப அதுக்கும் படிப்பு முடியாது" என்று சொல்லி, வாய்விட்டுச் சிரித்தாள். ரெஜினா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாதாவே, இதற்காகத்தானே எல்லாம்!

நடைபாதையிலிருந்து வெடிச் சத்தம் கேட்டது. கடைமடையில் பிள்ளை முதல்முறையாக அழுதுவிட்டாளாம், சரவெடி கொளுத்தினார்கள். பிறகு வெடி நின்றது. அழுகை நிற்கவில்லை.

கலியமூர்த்தி மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். தர்ஷிகா வலது கன்னத்தைப் பொத்திக்கொண்டு அலறினாள்.

"போதும்மா! போதும், நிறுத்துங்க!"

"முறை முடியாம திருப்ப முடியாது" என்றார் கோதண்டபாணி. "முறை கேட்டது நீங்கதானே?"

"யோவ், கொழந்தைய்யா!" என்று கத்தினாள் ரெஜினா.

"கொழந்தைக்குன்னு தனி முறை கிடையாதும்மா."

பிலோமினா எழுந்து உட்கார்ந்தாள். குழந்தையை உற்றுப் பார்த்தாள். பிறகு எட்டி மின்விசிறியை நிறுத்தினாள். அலறல் கொஞ்சம் இறங்கியது.

"அது என்னோடது" என்றாள். "எனக்குத் தெரியாதா? இங்க திருப்பு ரெஜி."

"மாட்டேன்."

"சுட்டா கையை எடுக்கிற அளவுக்கு அதுக்கு விடு. மிச்சத்தை எனக்கு அனுப்பு."

"அக்கா, நான் இதுக்கா இத்தனை வருஷம்..."

"இரு. காபி ஆறிடும்."

மீதிக் காபியை ஒரே மடக்கில் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

கோதண்டபாணி குடையைக் குறுக்கே நீட்டினார். ரெஜினா அதைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தாள். வீராசாமி சக்கரத்தை விட்டு நகர்ந்து நின்றார். அது பாழாய்ப்போன சக்கரம், ஒரு விரலால் தள்ளினாலே சுற்றியது.

தர்ஷிகாவின் அலறல் விசும்பலானது. அவள் கன்னத்தை விட்டாள். கட்டுப்போட்ட விரல்களைப் பார்த்தாள்.

"அப்பா, இங்க எரியுது" என்றாள். விரல்களை வாய்க்கு அருகே கொண்டுபோய் ஊதிக்கொண்டாள்.

"வந்துருச்சா அக்கா?" என்று கேட்டாள் ரெஜினா.

அக்கா பேசவில்லை. பேசினால் வலிக்கும். கண்ணை மூடியபடியே கையைத் தூக்கி, இன்னும் கொஞ்சம் என் பக்கம் திருகு என்று விரலால் காட்டினாள்.