கடல் சாமந்தியின் சாப்பாடு

ரஞ்சன்காவ் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ் விடியும்போதே ஜெயந்தை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதன்பிறகு கோர்படியில் இருந்த வீட்டில் அவனுடைய அம்மா பாலாம்பாளுக்குத் துணை, கூடத்தில் இருந்த உப்புநீர்த் தொட்டிதான். வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு ஆரஞ்சு மீன்கள். அவை படுத்துக்கொள்ள ஒரு கடல் சாமந்தி. பாலாம்பாள் அதைப் பூ என்றே நினைத்திருந்தாள். மீன்களுக்குக் காலையில் அவள்தான் ஒரு சிட்டிகை பொடி தூவுவாள். அந்தப் பொடி எதில் செய்தது என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

2004 மழைக்காலத்தில் சாமந்தி வெளுத்தது. சாத்துக்குடி அளவுக்குச் சுருங்கி, பிறகு எலுமிச்சை அளவானது. மீன்கள் படுக்க இடமில்லாமல் அதை முட்டிக்கொண்டே இருந்தன.

ஜெயந்த் கடையில் விசாரித்துவிட்டு வந்தான்.

“அது பூ இல்லேம்மா, பிராணி. நம்ம டியூப்லைட் வெளிச்சம் போறாதாம். அதுக்கு ஈடா இறால் போடணுமாம். அது செத்துதுன்னா தண்ணி கெட்டு மீனும் போயிடும்.”

“முட்டைகூட நுழையாத ஆத்துல இறாலா?”

“அப்போ எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடலாம். ஞாயித்துக்கிழமை கடைக்காரன் வரேன்னான்.”

சனிக்கிழமை மத்தியானம் பாலாம்பாள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். ரயில்வேக்காரர் மனைவி லீலா, திருநெல்வேலிப் பக்கம்.

“லீலா, உங்காத்துல அது இருக்கோ?”

“எது மாமி?”

“அதான், மீசை வெச்சிண்டு இருக்குமே.”

“எறாலா! யாருக்கு, ஒங்களுக்கா?”

“சீ! பூவுக்கு.”

லீலா சிரித்தாள். “நாங்க திங்கறதத் திங்குதுன்னா அது எங்க வீட்டுப் பொண்ணுல்லா மாமி!”

இறால் சமையலறைப் பக்கம் போகக்கூடாது, லீலாவே வந்து தொட்டியில் போடவேண்டும் என்பது ஏற்பாடு. பாலாம்பாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் நின்றாள். லீலா போட்ட துண்டு குறி தவறி மணலில் விழுந்தது. பெரிய மீன் பாய்ந்து கவ்வியது.

“ஐயோ, அதுன்னா தின்னுடறது!”

மீன் தின்னவில்லை. துண்டை இழுத்துக்கொண்டு போய்ச் சாமந்தியின் நடுவில் திணித்தது. சுருங்கிக் கிடந்த விரல்கள் ஒவ்வொன்றாக அதன்மேல் மடிந்தன. பாலாம்பாள் தொட்டிக்குப் பக்கத்தில் வந்திருந்தாள். முந்தானை தோளில் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரன் வாளியோடு வந்தான். ஜெயந்த் வாய் திறப்பதற்குள் பாலாம்பாள் தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள், நேற்றுத்தான் சாப்பிட்டிருக்கிறது, இப்போது அசைக்கக்கூடாது என்று.

கடைக்காரன் போனதும் பாலாம்பாள் லீலா வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தாள்.

“அடுத்த தரம் இன்னும் சின்னதா நறுக்குடி. நேத்திக்குக் கொஞ்சம் பெரிசு.”