அண்ணன் சொன்னால்தான்

ஐஸ் தொழிற்சாலைக்கு அவள் ஷிப்ட் சூப்பர்வைசராக வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆட்கள் மரியாதையில் குறை வைக்கவில்லை. 'மேடம்' என்று எழுந்து நின்றார்கள். ஆனால் அவள் ஒரு வேலை சொன்னால் போதும், எல்லார் கண்ணும் ஒருமுறை கம்ப்ரசர் ஆபரேட்டரிடம் போய்விட்டு வரும். அவர்களுக்கு அவர் 'அண்ணன்'. இடி மாதிரிக் குரல். வீட்டில் அப்பாவின் அதட்டலும் பள்ளியில் வாத்தியாரின் அதட்டலும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அதட்டாத ஆளைத் தலைமை என்று நம்ப மனம் வரவில்லை. அவளோ அதிர்ந்து பேசி அறியாதவள்.

அன்று மதியம் முன்வாசலை ஒட்டிய இயந்திர அறையில் குளிரூட்டும் குழாய் வெடித்தது. அம்மோனியா நெடி தொண்டையை அறுத்தது. கண்ணில் நீர் கொட்ட, ஆட்கள் பழக்கதோஷத்தில் முன்வாசலுக்கே ஓடினார்கள். காற்றும் வாயுவை அந்தப் பக்கம்தான் தள்ளிக்கொண்டிருந்தது.

பின்பக்கம் வரச் சொல்லி அவள் கத்தினாள். குரல் கீச்சென்று உடைந்தது. ஓடியவர்கள் நின்றார்கள், திரும்பினார்கள், அண்ணனைத் தேடினார்கள்.

அண்ணன் பின்சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

பின்கதவு எட்டும் தூரத்தில் இருந்தது. தான் மட்டும் ஓடிவிட்டால் என்ன என்று அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பே அவளைப் பயமுறுத்தியது. ஐஸ் கட்டிகளை மூடியிருந்த ஈரச் சாக்கு ஒன்றை மூக்கில் அழுத்திக்கொண்டு அவரிடம் போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"அண்ணே, நான் சொன்னா நகர மாட்டாங்க. நீங்க சொல்லுங்க. பின்கதவுன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் பேந்தப் பேந்த விழித்தார். அவள் மறுபடி உலுக்கினாள்.

"பின்கதவுக்கு ஓடுங்கடா!" அண்ணனின் குரல் இடித்தது.

மொத்தக் கூட்டமும் திரும்பியது. கடைசி ஆள் வெளியேறிய பிறகே அவள் வெளியே வந்தாள்.

யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. எல்லாரும் அண்ணனைச் சூழ்ந்துகொண்டு, அவர் இல்லாவிட்டால் தங்கள் கதி என்ன என்று அழுதார்கள். தனக்கு மூச்சே நின்றுபோனதையும், சொல்ல வைத்தது மேடம்தான் என்பதையும் அவர் ஒளிக்காமல் சொன்னார்.

"பாத்தியா, இவருக்கு எவ்வளவு பெரிய மனசு" என்றான் ஒருவன். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

காம்பவுண்டுச் சுவரோரம் இருமிக்கொண்டிருந்தவளின் அருகே அண்ணன் வந்து உட்கார்ந்தார். அந்தக் குரல் இப்போது அடங்கிக் கிடந்தது.

"அடுத்த வாரம் எனக்குக் கண் ஆபரேஷன் மேடம். ஒரு மாசம் வர முடியாது."

அவள் ஆட்களைப் பார்த்தாள். அவர்கள் கண்ணெல்லாம் இன்னும் அண்ணன் மேலேயே இருந்தது.