ஒளித்து வைத்த பிள்ளை

மேடையில் ஏறும்போதெல்லாம் உதயகலா ஒரே கதையைத்தான் சொல்லுவாள். எண்பத்தேழில் சண்டை மூண்டு கிளினிக்குகள் பூட்டப்பட்டன; போலியோ மருந்து வரவில்லை; ஒன்றரை வயதில் தனக்குக் காய்ச்சல் கண்டது; காய்ச்சல் விட்டபோது வலது கால் துவண்டு போயிருந்தது. சொல்லி முடித்துவிட்டுச் சேலையைக் கொஞ்சம் உயர்த்துவாள். இரும்புச் சட்டம் பூட்டிய சப்பாத்தைக் கண்டதும் மண்டபம் அடங்கிப்போகும்.

கொக்குவிலில் அந்தத் தொண்டர் குழுவை நடத்தியவர் றஜனி ரீச்சர், ஓய்வு பெற்ற ஆசிரியை. உலகத்திலிருந்தே போலியோவைத் துடைப்பதற்கு ஊர் ஊராய்ப் போய்ப் பேசுவதுதான் அவர்கள் வேலை. "இலங்கையிலை அது இல்லாமப் போய் முப்பது வருசமாச்சே, பிறகென்ன?" என்று யாரும் கேட்டால், "இன்னும் ரெண்டு நாட்டிலை கிடக்கு. அங்கையிருந்து இஞ்சை வர ஒரு பிளேன் போதும்" என்பார் ரீச்சர்.

கூட்டங்களுக்குத் தாய் மீனாம்பிகையும் வருவாள். சண்டையைப் பற்றிய இடம் வந்ததும் தலையைக் குனிந்துகொள்வாள்.

சண்டை உண்மைதான். ஆனால் அது மூளுவதற்கு ஒரு வருடம் முன்னரே, உதயகலா கைக்குழந்தையாய் இருந்தபோது, குடும்பநலத் தாதியான மிஸ்ஸி போலியோ மருந்தோடு கோப்பாய் வீட்டுக்கு மூன்று தடவை சைக்கிளில் வந்து போயிருந்தாள். மூன்று தடவையும் மீனாம்பிகை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுப் புகையிலைத் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்தாள். மூத்தவன் ஊசி போட்டு நான்காம் நாள் வலிப்பு வந்து இறந்தவன். அது மூளைக்காய்ச்சல், ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று டொக்டர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

உதயகலாவுக்கு இது பதினான்கு வயதில், ஒரு குடும்பத் தகராறில் சின்னம்மாவின் வாயால் தெரிந்தது. தாயிடம் கேட்டாள். "ஓம்" என்ற ஒரு சொல்தான் பதில். பிறகு இருவரும் அதைக் கதைத்ததேயில்லை. ஊரிலே எத்தனையோ பழியைச் சண்டை சுமந்தது. இதையும் சுமக்கட்டும் என்று உதயகலாவே மேடையில் சொல்லும் அந்தக் கதையைக் கட்டிக்கொண்டாள்.

புரட்டாதி மாதம் மயிலிட்டியிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஒன்பது மாதப் பிள்ளைக்கு ஒரு தடுப்பு மருந்தும் கொடுக்க விடாமல் ஒரு தாய் மறித்துக்கொண்டு நிற்கிறாளாம். றஜனி ரீச்சர் தன் காரில் உதயகலாவை ஏற்றிக்கொண்டு போனார்.

வாசலில் பிள்ளையின் தகப்பன் கனிசியஸ் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். "கதைச்சுப் பாருங்கோ ரீச்சர். நான் சொல்லிக் களைச்சுப்போனன்" என்று மெதுவாகச் சொன்னான்.

உள்ளே அவன் மனைவி ஜெசிதா பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். சுவரில் இன்னொரு பிள்ளையின் படம், மாலையோடு. இரண்டு வருடத்துக்கு முன், ஊசி போட்ட கிழமையிலேயே காய்ச்சலில் போன பிள்ளை. டெங்கு என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

உதயகலா வழக்கமான கதையைச் சொன்னாள். வழக்கம்போலச் சேலையை உயர்த்தினாள்.

ஜெசிதா காலைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தாள். "வெருட்டுறியளே அக்கா? காலைக் காட்டி என்ரை வாயை அடைக்கப் பாக்கிறியள். உங்களுக்கு மருந்து கிடைக்கேல்லை. எங்களுக்குக் கிடைச்சது. கிடைச்சு என்னத்தைக் கண்டனாங்கள்? மருந்து வந்திருந்தா உங்கடை அம்மா ஓடிப்போய் வாங்கியிருப்பா. அவ என்னை மாதிரிப் பிள்ளையைப் பறி குடுத்தவ இல்லைத்தானே."

உதயகலாவின் கை சேலையை விட்டது. எத்தனை மேடைகளில் இந்தக் காலைக் காட்டினாள். ஒருவரும் இப்படித் திருப்பிக் கேட்டதில்லை. இன்றைக்கும் ஏதாவது சொல்லிவிட்டு எழும்பி வந்திருக்கலாம்.

"பறி குடுத்தவ" என்றாள். "எனக்கு ஒரு அண்ணை இருந்தவர். அவரும் ஊசி போட்ட கிழமைதான் செத்தவர். அது வேறை வருத்தம். அம்மா நம்பேல்லை. மருந்து வந்தது, ஜெசிதா. மூண்டு தரம் வீட்டு வாசலுக்கே வந்தது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் புகையிலைக்குள்ளை ஒளிச்சவ. நான் அழாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவவாம்."

ஜெசிதாவின் மடியில் பிள்ளை சிணுங்கியது. அவள் தன்னையறியாமல் அதன் முதுகைத் தட்டினாள்.

"உங்களுக்கு அவவிலை கோவமில்லையே?" என்று கேட்டாள்.

"இருக்கு. இப்பவும் இருக்கு. ஆனா அவ கூடாத தாய் எண்டு ஒருநாளும் நினைச்சதில்லை."

ஜெசிதா, கிளினிக்குக்கு வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லாமல் இருவரையும் வழியனுப்பினாள்.

அடுத்த நாள் காலை, உதயகலா தபாற் கந்தோரில் வேலை செய்துகொண்டிருந்தபோது, கூட இருந்தவள் போனை நீட்டினாள். "இது நீங்கள்தானே அக்கா?" றஜனி ரீச்சர் ஜெசிதாவுக்குப் பின்னால் நின்று வீடியோ பிடித்திருந்தார். ஜெசிதாவின் முகம் தெரியவில்லை. உதயகலாவின் முகமும் குரலும், புகையிலைத் தோட்டமும், பொத்திய வாயும் எல்லாம் குழுவின் முகநூலில் கிடந்தன. கனடாவிலிருக்கும் சொந்தக்காரர்கள்கூட அதன் கீழே எழுதியிருந்தார்கள். 'இப்படியும் ஒரு தாயா' என்று ஒருவர்.

அவள் வெளியே வந்து ரீச்சருக்குப் போன் எடுத்தாள். "ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள்?"

"எத்தினை தாய்மார் பாக்கினம் தெரியுமே, பிள்ளை? இவ்வளவு நாளும் நீர் பேசினதிலை இதுதான்..."

"என்ரை அம்மாவும் பாப்பா ரீச்சர்."

ரீச்சர் உடனே அதை முகநூலிலிருந்து எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் அது கை மாறி ஊரெல்லாம் போய்விட்டது.

பின்னேரம் வீட்டுக்குப் போனாள். மீனாம்பிகை குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பார்த்துவிட்டாள் என்பது அவள் இருந்த விதத்திலேயே தெரிந்தது.

"அம்மா, நான் அதைப் போடேல்லை. எனக்குத் தெரியாமல்..."

"போட்டது ஆரெண்டு கேட்டனானே?" கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அண்டைக்கு நான் ஒளிச்சது உன்னை இல்லையடி. செத்தவனைத்தான் ஒளிச்சனான். ரெண்டாந்தரமும் அவனைக் குடுக்கமாட்டன் எண்டு ஓடினனான். உன்ரை முகத்தைப் பாக்கவேயில்லை."

உதயகலா குசினியை விட்டு முற்றத்துக்கு இறங்கினாள்.

அதன்பிறகு ஐந்து நாள் தாயும் மகளும் கதைக்கவில்லை. மீனாம்பிகை வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போகவில்லை. சமைத்தாள், போட்டுக் கொடுத்தாள், தான் பிறகு சாப்பிட்டாள். அந்தக் கிழமைக் கூட்டத்துக்கு உதயகலாவும் போகவில்லை. ஜெசிதா பிள்ளையோடு கிளினிக்குக்கு வந்து சொட்டு மருந்து கொடுத்ததாகவும், முழு நேரமும் அழுதுகொண்டு நின்றதாகவும், அன்றிரவு முழுக்கப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்ததாகவும் ரீச்சர் செய்தி அனுப்பியிருந்தார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. உதயகலா அதை இரண்டு முறை வாசித்தாள். சந்தோஷம் வந்தது, வந்த கையோடே போயும்விட்டது.

ஆறாம் நாள் காலை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அயல்வீட்டுப் பெண் கூப்பிட்டாள்.

"மீனாம்பிகை அக்கா, குறை நினைக்காதேங்கோ. போனிலை பிள்ளை சொன்னது உண்மையே?"

உள்ளே உதயகலா அவசரமாக எழும்பினாள். இல்லை, கூட்டத்துக்காகச் சொன்ன கதை என்று சொல்லிவிட வேண்டும். அவள் வாசலை எட்டுமுன் தாயின் குரல் கேட்டது.

"ஓம். நான்தான் ஒளிச்சனான். அந்த மருந்து குடுத்திருந்தா என்ரை பிள்ளை நல்லா நடந்திருப்பாள்."

அயல்வீட்டுப் பெண் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனாள். மீனாம்பிகை வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள். வாசலில் நின்ற மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.